சம்மனசு கோயில் தெற்குச் சுவர்

செருப்பைக் கழட்ட வேண்டாம்மா, அப்படியே வாங்க. நெருஞ்சி முள்ளு கெடக்கு. கேட்டைப் பூட்டிட்டேன், ஆடு உள்ள வந்துரும். இந்த ஊரு ஆட்டுக்குக் கல்லறை மேல வைக்கிற செவ்வந்தின்னா அப்படி ஒரு பிரியம். சாவி என் சட்டைப் பையிலதான் இருக்கு, கவலைப்படாதீங்க.

தொல்லியல் துறையில இருந்து எல்லைக்கல் ஊன வந்த இஞ்சினியர் நீங்கதானே? போன்ல குரலைக் கேட்டு வயசான அம்மான்னு நெனச்சேன். நான் ராயப்பன். அப்படிக் கேட்டா இங்க ஒருத்தருக்கும் தெரியாது, பி.டி. சார்னு கேக்கணும். பள்ளிக்கூடத்துல ஆயுசு பூரா விசில் ஊதினவன். இந்தக் கல்லறைக் கோயில் பாதுகாப்புக் கமிட்டிக்குத் தலைவரும் நான்தான். வேப்பமரத்துக்குக் கீழ நாற்காலி போட்டிருக்கேன், உட்காருங்க. கல்லு வண்டியிலயே கெடக்கட்டும். டிரைவருக்கு டீக்கடையைக் காட்டிட்டுத்தான் வந்தேன்.

கல்லு ஊனுறதுக்கு முன்னால ஒரு விஷயம் கேட்டுருங்க. பெரிய விஷயம் இல்ல.

அந்தா, தெற்குச் சுவத்தை ஒட்டிக் கறுப்புக் கல்லு தெரியுதா? என் வீட்டுக்காரி. வியாகுலமேரி. கீழ இன்னொரு பேரு இருக்கு பாருங்க. எஸ். ராயப்பன். பிறப்பு போட்டிருக்கு, இறப்புன்னு போட்டு வெறுமனே விட்டிருக்கு. கல்லு வெட்டுறவன் கூடக் கேட்டான், உசுரோட இருக்கிற ஆளு பேரை எதுக்கு சார் இப்பவே வெட்டணும்னு. வெட்டுடான்னேன். பின்னால எவனோ வந்து வெட்டினா எழுத்து கோணலாப் போயிரும். ஒரே கையில முடிச்சாத்தான் வரிசையா இருக்கும்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதாம்மா. செத்தா அந்தக் குழியில, அவகூட என்னை வைக்கணும். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்ல. வேற ஆசையும் இல்ல. இப்ப என்னடான்னா அது முடியாதுங்கிறாங்க. பி.டி. சார் தனக்குத்தானே பூட்டுப் போட்டுக்கிட்டாருன்னு டீக்கடையில பேசிக்கிறாங்களாம். பேசட்டும்.

உங்க ஆளுங்கள்ல எப்படின்னு தெரியல. எங்கள்ல குடும்பக் கல்லறைன்னு ஒண்ணு உண்டு. ஒரே குழிதான். முதல்ல ஒருத்தர் போவாங்க. பல வருசம் கழிச்சு அடுத்தவர் போகும்போது குழியைத் திறந்து, பழைய எலும்பைப் பொறுக்கி வெள்ளைத் துணியில முடிஞ்சு, தலைமாட்டுல வச்சுட்டு, புதுப் பெட்டியை இறக்குவாங்க. புருசன் பெண்டாட்டி, தாய் பிள்ளைன்னு அப்படித்தான் ஒண்ணாக் கெடப்பாங்க. அந்த இடத்தை நான்தான் பாத்துப் பாத்துப் பிடிச்சேன். சாயங்காலம் கோயில் நெழலு விழும். அவளுக்கு வெயில் ஆகாது.

கோயில் கதை தெரியும்ல? காலரா வந்து வீட்டுக்கு வீடு செத்துக்கிட்டு இருந்தப்ப ஒரு பிரெஞ்சு சாமியார் கட்டினதுன்னு சொல்லுவாங்க. உச்சியில மிக்கேல் சம்மனசு நிக்கிறாரு பாருங்க, சம்மனசுன்னா தேவதூதர். வாளு ஒடிஞ்சு போச்சு, கையில தராசு மட்டும்தான். அதனால ஊருல எல்லாரும் சம்மனசு கோயில்னுதான் சொல்லுவோம். உள்ள ஒரு கல்மேடை இருக்கு. பெட்டியை அதுல இறக்கி வச்சு, கடைசிச் செபம் சொல்லி, அப்புறம்தான் குழிக்குக் கொண்டு போறது. எங்க பங்குக் கோயில் சனத்துல அந்தக் கல்லுல படுக்காம மண்ணுக்குள்ள போன ஆளே கிடையாது.

அதை இடிக்கப் போறேன்னாரு இப்ப இருக்கிற பங்குச் சாமியார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அறிவிப்பு. கூரை மேல அரசமரம் மொளச்சிருச்சு, சுவரு வெடிச்சிருச்சு, என்னைக்காவது பொணத்தோட தூக்குறவங்களும் சேந்து போயிருவாங்க, அதனால இடிச்சுட்டு அடுக்குக் கல்லறை கட்டுவோம்னாரு. அடுக்குக் கல்லறை பாத்திருக்கீங்களா? சுவத்துல பொந்து பொந்தா விட்டு, ஆளை உள்ள தள்ளி மூடிருவாங்க. பேங்குல நகை வைக்கிற மாதிரி.

நான் எந்திரிச்சுட்டேன். கோயிலுக்குள்ள எதுத்துப் பேசக் கூடாது, பேசினேன். இடிக்கிற மிஷின் எந்தப் பக்கமா வரும் சாமின்னேன். தெற்குப் பக்கம்தான் வரணும், வேற பாதை இல்ல. அப்ப என் வீட்டுக்காரி மேல ஏறித்தான் வரும், அதுக்கு முன்னால என் மேல ஏறட்டும்னேன். சாமியார் சின்ன வயசு, மைக்கைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சாரு. பின்னால ஒரு கிழவி, சரியாக் கேட்டாருன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். அங்க ஆரம்பிச்சது கமிட்டி.

முதல் சனிக்கிழமை நானும் மாதா சபைப் பொம்பளைங்க நாலு பேரும்தான் வந்தோம், முள்ளு வெட்ட. அடுத்த சனிக்கிழமை தெருவே வந்துருச்சு. எல்லார் வீட்டுப் பெட்டியும் அந்தக் கல்லுல இறங்கினதுதானேம்மா. அப்பனை நெனச்சு ஒருத்தன் வந்தான், பிள்ளையை நெனச்சு ஒருத்தி வந்தா. அசனம் போட்டோம், ஊருக்கே சாப்பாடு. பள்ளிவாசல்ல இருந்து அண்டா குடுத்தாங்க. நான் விசில் ஊதினா மண்வெட்டி எடுக்கணும், இன்னொரு தடவை ஊதினா மோர் குடிக்கணும். செத்தவங்களே எந்திரிச்சு வரிசையில நின்னுருவாங்க போல சார்னு சேசுராஜு கிண்டல் பண்ணுவான்.

சேசுராஜு என் மாணவன். வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். கூரையில ஏறி அந்த அரச வேரைக் கணுக் கணுவா அறுத்து எடுத்தவன் அவன்தான். சுவத்துக்குச் சேதம் வராம எடுக்கணும்ல, மழைக்காலம் பூரா ஏறி ஏறி இறங்கினான். நல்ல பையன். பையன் என்ன, அவனுக்கே பேரப்பிள்ளை இருக்கு.

அப்புறம் உங்க துறைக்கு எழுதிப் போட்டோம். உங்களுக்கு முன்னால ஒரு இஞ்சினியர் இருந்தாரே, கண்ணாடி போட்டவரு, அவரு வந்து சுத்திச் சுத்திப் பாத்தாரு. பாத்துட்டு, சுவரு சாயுறதுக்கு மரம் காரணம் இல்ல, குழிதான் காரணம்னாரு. காலகாலமாச் சுவத்தை ஒட்டித் தோண்டித் தோண்டி அஸ்திவாரத்து மண்ணு எளகிப் போச்சாம். இனிமே சுத்தி ஒரு எல்லை போடணும், அதுக்குள்ள எவரும் மண்வெட்டி போடக் கூடாது, அதுக்கு ஊரு ஒத்துக்கிட்டா கோயிலை நாங்க எடுத்துச் செப்பனிடுறோம், இல்லைன்னா கையை விட்டுருங்கன்னாரு.

கூட்டத்துல முதல்ல தூக்கின கை என் கைதான். கோயில் நிக்கும், அவ மேல மிஷின் ஏறாது. அதுதாம்மா மனசுல இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், என் குழி எனக்கு ஞாபகமே வரல.

எல்லைக் கோடும் நான்தான் போட்டேன். இந்தா, இன்னும் தெரியுது பாருங்க, வருசா வருசம் மேல மேல போடுறேன். சுண்ணாம்புப் பொடி. ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்ட கைம்மா இது. நூல் பிடிச்சாப்புல போகும். தெற்குப் பக்கம் வரும்போது சேசுராஜு கூடவே வந்தான். சார், டீச்சரம்மா கல்லறைகிட்ட மட்டும் லேசா வளைச்சுக்குவோமான்னான். வியாகுலம் டீச்சர் எல்லாம் இல்ல, வாத்தியார் வீட்டம்மான்னு அப்படிக் கூப்பிடுவாங்க. நான் சொன்னேன், கோடுன்னா நேராத்தாண்டா போகணும், வளைஞ்சா அதுக்குப் பேரு கோடே இல்லன்னு. அதுக்கு அடுத்த கல்லறை அவன் அப்பாவோடது. தனக்குத்தான் வளைக்கச் சொல்றான்னு நெனச்சேன். டப்பாவைத் தூக்கிக்கிட்டு என் பின்னாலயே வந்தான்.

மறு வருசம் ஆடியில அவன் அம்மா போயிருச்சு. பெட்டி சம்மனசு கோயிலுக்குள்ள கல்லுல இருக்கு. வெளிய குழிக்காரன் அவன் அப்பா கல்லறை மேல இருந்த பலகைக் கல்லை நெம்புறான். நான் விசில் ஊதினேன். கீழ வைடான்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சேசுராஜு வெளிய வந்தான். சார், எங்க அம்மா சாகும்போது ஒண்ணுதான் கேட்டுச்சு, அப்பாகிட்டக் கொண்டு போயிருங்கடான்னு, ஒரே ஒரு தடவை சார்னான். அவன் பொண்டாட்டி என் கால்ல விழ வந்துச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா ஒருத்தனுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். சுவரு விழுந்துரும். விதின்னா விதிடான்னு சொல்லிட்டு அந்தக் கல்லு மேலயே உக்காந்துட்டேன்.

வடக்கு மூலையில, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல வச்சாங்க. புருசன் தெற்க, பொண்டாட்டி வடக்க. சேசுராஜு அழல. போகும்போது என் கழுத்துல தொங்கின விசிலை மட்டும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போனான். அதுக்கப்புறம் கமிட்டிக்கு அவன் வர்றது நின்னு போச்சு. வேலை நேரத்துல எல்லாம் இப்படி ஒதுங்கிட்டா எப்படி?

தண்ணி குடிக்கிறீங்களா? பானைத் தண்ணிதான், நல்ல தண்ணி. வேண்டாமா. சரி.

அந்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு என் கொழுந்தியா வந்தா. நவம்பர் ரெண்டு, எல்லாரும் கல்லறையைக் கழுவி வெள்ளையடிச்சுப் பூவும் மெழுகுதிரியும் வைப்போம். அமலோற்பவம்னு பேரு, வியாகுலத்துக்கு நேரா இளையவ. அவங்களுக்கு உவரிக்குத் தெற்க, கடலோரத்து ஊரு. வருசா வருசம் வருவா, அக்கா மேல பூவைப் போட்டுட்டு என் முகத்தைக் கூடப் பாக்காம பஸ் ஏறிருவா. எங்களுக்குள்ள பேச்சு இல்ல. காரணம் ஒண்ணும் பெருசில்ல.

வியாகுலம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு பேச்சு வந்துச்சு. என்னைய எங்க அம்மாகிட்டக் கொண்டு போயிருங்க, கடல் சத்தம் கேக்குற இடத்துல வைங்கன்னு தங்கச்சிகிட்ட சொன்னாளாம். எங்கிட்டயும் சொன்னா. மருந்து அப்படிம்மா, ஏதேதோ பேச வைக்கும். நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, உனக்கு என்ன பயம், நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து இங்க இடம் வாங்கிட்டேன், உன்னைத் தனியா விடவே மாட்டேன்னேன். அவளுக்குச் சந்தோசத்துல பேச்சே வரல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அப்புறம் அதைப் பத்திக் கேக்கவே இல்லையே. இந்த அமலோற்பவம்தான் அடக்கத்தன்னைக்குக் கடலோரத்துக்குக் கொண்டு போகணும்னு வண்டியெல்லாம் ஏற்பாடு பண்ணி வந்து நின்னுக்கிட்டு ஒரே ரகளை. கட்டினவன் நான் இருக்கேன், இவ யாரு?

நாங்க வாழ்ந்த வாழ்க்கை அவளுக்கு என்ன தெரியும்? எங்களுக்குள்ள ஒரு நாள் சண்டை வந்தது கிடையாது. வீட்டுலயும் எனக்கு விசில்தான். ஒரு விசில்னா காபி, ரெண்டு விசில்னா குளிக்கத் தண்ணி. ஒரு நாளும் மறுபடி ஊத வேண்டி வந்ததில்ல. அப்படி ஒரு மனசு ஒத்த வாழ்க்கை. இப்ப வீட்டுல தனியா உக்காந்திருக்கேனா, சில நேரம் கை தன்னால விசிலுக்குப் போயிருதும்மா. போயிட்டு, எடுத்துருவேன். வீடு அப்படியே கம்முனு கெடக்கு. தாங்கல. உங்களுக்கு முன்னால சொல்றதுக்கு என்ன, தாங்கல.

எதுல விட்டேன்? ஆங், அமலோற்பவம். பூவை வச்சுட்டு நிமிந்தவ கோட்டைப் பாத்துட்டு, இது என்னன்னு மாதா சபை மரியபுஷ்பத்துக்கிட்டக் கேட்டா. அந்தப் பொம்பளை எல்லாத்தையும் சொல்லுச்சு. இவ நம்பாம மறுபடி கேக்குறா. அப்ப இவரை இதுக்குள்ள வைக்க முடியாதான்னு, என்னைக் கையைக் காட்டிக் கேக்குறா. முடியாதாமேன்னு சொல்லுச்சு மரியபுஷ்பம்.

அப்பத்தாம்மா எனக்கே உறைச்சுது. நான் போட்ட கோட்டுக்குள்ளதானே என் குழியும் இருக்கு.

அவ என்ன செஞ்சாங்கிறீங்க? அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. கல்லு மேல கையை வச்சுக்கிட்டு, அக்கா, அக்கான்னு ரெண்டு வார்த்தை. அழுகுறாளா சிரிக்கிறாளா எனக்கு விளங்கல. அப்புறம் எந்திரிச்சுக் கோயிலுக்குள்ள போனா. போய், வெள்ளையடிச்ச அந்தத் தெற்குச் சுவத்தைத் தடவி முத்தம் குடுத்தா. வெளிய வந்து, கழுத்துல கெடந்த சங்கிலியைக் கழட்டிக் கமிட்டி உண்டியல்ல போட்டுட்டா. இந்தச் சுவரு ஒரு நாளும் விழக் கூடாதுன்னு மரியபுஷ்பத்துக்கிட்டச் சொல்றா. அதோட விட்டாளா, பிளாஸ்க்குல கொண்டு வந்த காபியை ஊத்தி எங்கிட்ட நீட்டுறா. குடிங்க அத்தான், வாழ்க்கையில ஒரு நல்ல காரியம் செஞ்சிருக்கீங்கன்னா. அத்தனை வருசத்துக்கப்புறம் அத்தான்னு கூப்பிட்டா. ஊருக்காக நான் பாடுபட்டது அவ மனசைத் தொட்டுருச்சு போல. ஆனா அந்தக் காபி எனக்கு இறங்கல.

அடுத்த வாரமே பங்குப் பேரவையில, அதான் கோயில் நிர்வாகக் கூட்டத்துல, கேட்டேன். ஏற்கெனவே இருக்கிற குழிதானே, ஓரமாத் திறந்து வைக்கலாம்ல, ஒரு விதிவிலக்கு குடுங்கன்னு. சாமியார் குனிஞ்சுக்கிட்டாரு. பேரவைக்குத் துணைத் தலைவர் இப்ப யாருங்கிறீங்க? சேசுராஜு. அவன் கோபமாப் பேசல. எந்திரிச்சு, கையைக் கட்டி, பள்ளிக்கூடத்துல நின்ன மாதிரியே நின்னான். சார், நீங்க போட்ட கோடு சார். நேராப் போட்டீங்க. அவ்வளவுதான் சொன்னான். உக்காந்துட்டான். வேணும்னா வடக்கு மூலையில தண்ணித் தொட்டிகிட்ட இடம் தர்றோம்னாரு சாமியார்.

என் நெலமையைப் பாருங்க. கமிட்டியை உதறிட்டுப் போயிரலாம்னா, வேலை பாதியில நிக்குது, வேற எவனும் சாவியை வாங்க மாட்டேங்கிறான். இருந்தா, என் குழிக்கு நானே காவல். கோயில் நின்னா நான் அவகிட்டப் போக முடியாது. இடிச்சா, என்னை இறக்குறதுக்கு அந்தக் குழியே இருக்காது. எந்தப் பக்கம் போனாலும் சுவரு. விடிஞ்சா இங்க வந்து கேட்டைப் பூட்டிக்கிட்டு இந்த நாற்காலியில உக்காருறேன். என் பேரை நானே வாசிச்சுக்கிட்டு இருக்கேன்.

இப்ப நீங்க வந்திருக்கீங்க. சுண்ணாம்பு மழைக்குப் போயிரும், கல்லு போகாது. நீங்க ஊனினது ஊனினதுதான். அதனாலதான் கேக்குறேன். அந்த ஒரு இடத்துல மட்டும் கல்லை உள்ள தள்ளிப் போட்டுருங்க. என்னை இறக்குற அளவுக்கு. வளைஞ்சு இருந்தா யாரு பாக்கப் போறா?

என்ன? சேசுராஜு அம்மாவா? அது வேறம்மா. அவங்க அடக்கம் முடிஞ்சு போச்சு. முடிஞ்சதைக் கிண்டிக்கிட்டு இருக்க முடியுமா?

அப்புறம் என்ன கேக்குறீங்க? வியாகுலத்துக்கு என்ன விருப்பம்னா? அதான் சொன்னேனே, அது மருந்து பேசின பேச்சு. அவளுக்குன்னு தனியா ஒரு விருப்பம் இருந்ததே கிடையாதும்மா. என்ன வேணும்னு கேட்டா, உங்களுக்கு எது சரியோ அதுன்னுவா. நான் கேட்டதில்ல, கேட்டா அப்படித்தான் சொல்லியிருப்பா.

எந்திரிச்சுட்டீங்களே. பையை எல்லாம் எடுத்துக்கிட்டு.

அவளும் இப்படித்தாம்மா நிப்பா. மே மாசம் வந்தாப் போதும், ஊருக்குப் போகணும்னு பையைக் கட்டிருவா. எனக்குக் கோடைப் பயிற்சி முகாம் இருக்கும், நான் இல்லாம அவ எப்படித் தனியாப் போறது? வாயைத் திறந்து கேக்க மாட்டா. பையைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கதவுகிட்ட நிப்பா. நான் பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருப்பேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, தானே பையை உள்ள கொண்டு போய் வச்சுட்டுக் காபி போட்டுக்கிட்டு வந்துருவா. வருசா வருசம். ஒரு தடவை கூட முகம் சுளிச்சதில்ல.

கேட்டுகிட்டப் போய் நிக்காதீங்கம்மா, வெயிலு. சாவி எங்கிட்டதான் இருக்கு. உட்காருங்க, வெயில் தாழட்டும், நானே திறந்து விடுறேன்.